காட்டுக்குயில் பறந்த வழி

1991ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 5ஆம் திகதி வந்தது. அன்று திரைக்கு வந்த மணிரத்னத்தின் ‘தளபதி’, பெற்றவளே கூட்ஸ் ரயிலில் போட்டுவிட்ட ஒரு பிள்ளையின் கதை. பிள்ளை பிறந்தது போகியன்று. அது வளர்ந்து சூர்யாவாகி, தேவா என்ற நண்பனையும் தேடிக்கொண்ட பிறகு, தீ மூட்டி எல்லாரும் கூடி ஆடுகிற இரவு ஒன்று வருகிறது. அந்த இடத்துக்கு வாலி எழுதி இளையராஜா இசையமைத்த பாட்டுத்தான் ‘காட்டுக்குயிலு’. ஜேசுதாஸ், எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று இரண்டு பெரிய குரல்கள். இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற தாளம்.

பதினாறு வருடம் கழித்து, 2007 ஓகஸ்டில், லண்டனிலிருந்து ‘கலா’ என்ற ஆங்கில இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் முதற் பாட்டு ‘பம்பூ பங்கா’. அதற்குள்ளே ‘காட்டுக்குயிலு’வின் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருட்பிரகாசம். லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்கு வந்து, அங்கேயும் சென்னையிலும் வளர்ந்து, பத்துப் பதினொரு வயதில் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர்.

ஒரு பாட்டு கடல் தாண்டுவது அதைப் பிரதி எடுக்கிறவர்களால்தான். ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் ஏதோ ஒன்று கழன்று விழுகிறது. முதலில் ஒலியின் தெளிவு போகும். அதற்கும் முன்னரே பெயர்கள் போய்விடும். ‘காட்டுக்குயிலு’ போன வழியைப் பார்த்தால் இது புரியும்.

வழியில் முதல் தரிப்பு எங்கள் ஊரான கொழும்பு. வெள்ளவத்தையில் காலி வீதி, கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி என்று தமிழர் நெருங்கி வாழ்ந்த இடங்களில் அந்த நாளில் றெக்கோடிங் பார் இல்லாத வீதி குறைவு. கண்ணாடி அலுமாரி நிறைய ஒரிஜினல் கசற், மேசையில் டபுள் டெக், பக்கத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிய தடித்த கொப்பி. ஒரிஜினல் அனேகமாக விற்பனைக்கல்ல, பார்ப்பதற்கு. வாங்க வருகிறவர் வெறும் கசற்றோடு வருவார், இல்லாவிட்டால் கடையிலேயே ரீடிகேயோ மக்ஸலோ எடுப்பார்.

“அண்ணை, தளபதி வந்திட்டுதோ?”

“வந்திட்டுது. அறுபதோ தொண்ணூறோ?”

“அறுபது.”

“அப்ப ஏ பக்கம் தளபதி. பி பக்கம் என்ன போட?”

அந்தக் காலத்து இசையறிவு முழுவதும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருந்தது. பி பக்கம் என்ன போடுவதென்று தீர்மானிக்கிறவர்தான் தொகுப்பாளர். ‘தளபதி’க்குப் பின்னால் ‘அஞ்சலி’ போட்டவர் ஒரு ரகம், பொப் இசையோ பைலாவோ போட்டவர் வேறொரு ரகம். அறுபது கசற்றில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ரேப் ஓடுவது வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில். முப்பது நிமிடம் முடிகிற இடத்தில் பாட்டு முடியாவிட்டால் பாட்டு அறுந்துபோகும். பல்லவியின் நடுவில் அறுந்த பாட்டை அப்படியே பாடமாக்கி, முழுப் பாட்டைக் கேட்கும்போது மிச்சத்தை அதிகப்படியாக உணர்ந்தவர்கள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர்.

வாடிக்கையாளரின் கைக்குப் போகும் கசற்றின் அட்டையில் படத்தின் பெயர் இருக்கும், பாட்டுகளின் முதல் வரி இருக்கும். எழுதிய கை நல்ல கை என்றால் பாடியவர்களின் பெயரும் இருக்கும். வாலியின் பெயர் அபூர்வம். அந்த அட்டைக்கு முன்னரே, சென்னையில் அச்சான ஒரிஜினல் உறையிலேயே, தவில், டிரம், வயலின் வாசித்தவர்களின் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. காசும் அப்படித்தான். கடைக்காரர் வாங்கிய பதிவுக் கூலியில் ஒரு சதமும் சென்னைக்குப் போகவில்லை. அதைக் களவு என்று யாரும் நினைக்கவுமில்லை.

இந்தப் பழக்கத்தைச் சும்மா பழித்துவிட்டுப் போகவும் முடியாது. 1983 யூலையில் இந்தக் காலி வீதியில்தான் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதே கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டு, அங்கே இருந்த படச்சுருள்களும் அழிந்தன. ஒரே ஒரு மூலப்பிரதியை நம்பியிருந்தவை அப்படித்தான் போயின. பத்து வீட்டு அலுமாரியில் பத்துத் திருட்டுப் பிரதி கிடந்த பாட்டு பிழைத்துக்கொண்டது. இலங்கைத் தமிழரின் பழைய பொப் பாட்டுகளில் இன்று காதில் விழுகிறவை பல, யாரோ ஒருவர் றேடியோவுக்கு முன்னால் கசற் வைத்துப் பதிந்து வைத்ததால்தான் மிஞ்சின.

அடுத்த தரிப்பு வடக்கு. ‘தளபதி’ வந்த நேரம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவுக்கும் கசற் பிளேயருக்கும் கொடுத்தார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் மோட்டார் தளரும். மோட்டார் தளர்ந்தால் ஜேசுதாசின் குரல் இன்னும் கனத்து இழுபடும். உசார் வந்து வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்று மேலே போகும். வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை எங்கள் பிள்ளைகள் எந்த இசைக் கல்லூரியிலும் படிக்கவில்லை, சைக்கிள் பெடலில் படித்தார்கள்.

இந்தக் கணக்கேதான் சாம்பிளிங்கின் அடிப்படை. ஒரு பதிவின் ஓட்டத்தை ஏறத்தாழ 6 வீதம் கூட்டினால் சுருதி அரைக்கட்டை ஏறும். அதே அளவு குறைத்தால் அரைக்கட்டை இறங்கும். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, அதை இப்படி ஏற்றியோ இறக்கியோ, சுற்றிச் சுற்றி வரும்படி ஓடவிட்டு, மேலே புதுப் பாட்டைக் கட்டுவதைத்தான் சாம்பிளிங் என்கிறோம். நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 1970களில் டிஜேக்கள் இதை இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக் கையாலேயே செய்தார்கள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகள். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்றில் முடிய, மற்றதில் அதே இடத்தைப் பிடித்துக் கொடுப்பார்கள். ஆடுகிறவர்களுக்குத் தாளம் முடிவதே இல்லை.

பிறகு இயந்திரம் வந்தது. 1987இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 என்ற பெட்டி மொத்தமாகப் பத்து வினாடி ஒலியைத்தான் நினைவில் வைக்கும். பத்து வினாடிக்குள் ஒரு பாட்டுக்கு வேண்டிய எல்லாத் துண்டும் அடங்க வேண்டும். இளம் பெடியள் அதற்கும் வழி கண்டார்கள். 33 சுற்றுத் தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவார்கள். துண்டு சிறிதாகி இடம் மிஞ்சும். பிறகு பெட்டிக்குள் வைத்து வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். அப்படிக் கொண்டுவரும்போது ஒலியில் ஒரு கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்பே அந்தக் காலத்து ஹிப்ஹொப்பின் அடையாளமாகிப் போனது. ஐந்தாவது பிரதியில் ஏறிய ரேப் இரைச்சலோடு இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது விளங்காத விடயமல்ல.

சட்டம் இந்த விளையாட்டுக்குள் நுழைந்த நாள் ‘தளபதி’ வெளியாகி ஆறு கிழமைக்குப் பிறகு வந்தது. 1991 டிசம்பர் 17ஆம் திகதி, நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிபதி கெவின் டஃபி, பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ’சலிவனின் பழைய பாட்டிலிருந்து அனுமதியின்றித் துண்டு எடுத்தது தவறு என்று தீர்ப்பளித்தார். களவெடுக்காதே என்ற பைபிள் கட்டளையோடுதான் தீர்ப்பே தொடங்கியது. அன்றிலிருந்து பெரிய கொம்பனிகள் துண்டுக்குத் துண்டு அனுமதி கேட்கத் தொடங்கின. அனுமதியும் இரண்டு. மெட்டுக்கும் வரிக்கும் உரியவரிடம் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு உரியவரிடம் இன்னொன்று.

இதற்கிடையில் பழைய இந்தியத் தட்டுகளுக்கு மேல்நாட்டில் திடீர் மவுசு வந்தது. ஜாஸையும் ரொக்கையும் இந்திய வாத்தியங்களோடு கலந்த 1970களின் இசையை லண்டன் டிஜேக்கள் தூசி தட்டி எடுத்தார்கள். உதய் சங்கரின் மகன் ஆனந்த சங்கர் 1975இல் இந்தியாவில் வெளியிட்ட ஒரு தட்டு இதற்கு நல்ல உதாரணம். சித்தாரும் மூக் சிந்தசைசரும் தபேலாவும் டிரம்மும் ஒரே அடியில் ஓடுகிற அதன் ‘டான்சிங் டிரம்ஸ்’ பாட்டை, 1990களில் லண்டன் கிளப்புகளில் அது யாருடையது என்று தெரியாமலே ஆடினார்கள். பெயரைத் தேடிப் போனவர்கள் ஆளையும் கண்டுபிடித்தார்கள். 1998இல் ஆனந்த சங்கர், ஸ்டேட் ஒஃப் பெங்கால் என்ற பெயரில் இயங்கிய சாம் சமானோடு இங்கிலாந்து மேடையில் தானே வந்து வாசித்தார். அடுத்த வருடம் காலமானார். சாம்பிளிங்கால் பழைய கலைஞர் ஒருவர் மேடைக்குத் திரும்பிய கதைகள் அதிகமில்லை. இது அதில் ஒன்று.

அந்தக் கலப்பிசையில் எங்கள் மண்ணின் தடமும் உண்டு. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. அவருடைய மகன்மாரில் எல். சங்கர், 1970களில் ஜோன் மக்லக்லினோடு ‘சக்தி’ குழுவில் வயலின் வாசித்தார். எல். சுப்பிரமணியம் ஹேர்பி ஹன்கொக் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு தட்டுகள் வெளியிட்டார். ஊரைவிட்டுப் போன காதுகள் புது இசையைக் கட்டுவது எம்.ஐ.ஏ.யோடு தொடங்கிய கதையல்ல.

பாட்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதும் புதிதல்ல. கொழும்பிலிருந்து சென்னைக்குப் போன உதாரணம் ‘சுராங்கனி’. சிங்கள பைலாவாக இருந்ததை ‘சிலோன்’ மனோகர் என்ற ஏ.ஈ. மனோகரன் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைத் திரைப்பாட்டாக்கினார். அங்கே நடந்தது சாம்பிளிங் அல்ல, மெட்டை எடுத்துத் திரும்பப் பாடியது. ஆனால் பயணத்தின் விதி ஒன்றே. இன்றைக்கும் தமிழ்நாட்டில் ‘சுராங்கனி’ தெரிந்தவர்களிடம், மனோகரனுக்கு முன்னால் அது யாருடையது என்று கேட்டால் பதில் வராது.

2000க்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய ஸ்ரூடியோக்கள் இந்தியத் திரைப்பாட்டுகளைத் துருவத் தொடங்கின. 2002இல் ட்ரூத் ஹேர்ட்ஸ் என்ற பாடகியின் வெற்றிப் பாட்டில், 1981இல் வந்த ‘ஜோதி’ என்ற ஹிந்திப் படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு அப்படியே ஓடியது. இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயர் எங்குமில்லை. வழக்குப் போனது. 2003இல் லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அவருடைய பெயரைப் போடும்வரை தட்டை விற்கக்கூடாது என்றது. அதே வருடம் பிளாக் ஐட் பீஸ் குழு ‘எலிஃபங்க்’ தொகுப்பின் ஒரு பாட்டில் இளையராஜாவைத் தொட்டது. ரஜினியின் நூறாவது படமான ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ தந்த ‘உனக்கும் எனக்கும்’தான் அந்தத் துண்டு. 1985இல் மகானின் கதைக்காகப் போட்ட இசை, கலிபோர்னியாக் குழுவின் ஆட்டப் பாட்டுக்குள் புகுந்தது.

மாதங்கி அருட்பிரகாசம் இந்த வரிசையில் சேர்வதற்கு வேறு பாதையால் வந்தார். அவர் படித்தது ஓவியமும் சினிமாவும். எலாஸ்றிக்கா என்ற லண்டன் குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். ஒரு மேசையில் அடங்கும் பெட்டி. இசைக்குழு வேண்டாம், சுரம் எழுதத் தெரிய வேண்டாம், தாளத்தை அடுக்கத் தெரிந்தால் போதும். அதில் கட்டிய பாட்டுகளோடு 2005இல் முதல் தொகுப்பு வந்தது. பெயர் ‘அருளர்’, தகப்பனின் இயக்கப் பெயர். இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயர், ‘கலா’.

‘கலா’வை அமெரிக்காவில் செய்வதாகத்தான் திட்டம். 2006இல் விசா சிக்கலானது. ஸ்ரூடியோவுக்குப் போக முடியாதவர் ஸ்ரூடியோவையே உலகம் முழுதும் இழுத்துக்கொண்டு போனார். ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று போன பாதையில் முக்கியமான இடம் சென்னை. ஏ.ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். சேர்ந்து பாட்டு எதுவும் அமையவில்லை. ஆனால் ரஹ்மான் ஆட்களை அறிமுகப்படுத்தித் தன்னுடைய ஸ்ரூடியோவையும் பாவிக்கக் கொடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்கள் அங்கே அவருக்காக வாசித்தார்கள். கோயில் திருவிழாவிலும் செத்த வீட்டிலும் கேட்ட உறுமி, ‘போய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற ஆங்கிலப் பாட்டுகளில் முன்னுக்கு வந்து நின்றது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் 2003இல் வந்த ‘ஜெயம்’ படப் பாட்டு ‘திருவிழான்னு வந்தா’வின் துண்டும் இருக்கிறது. அதன் இசை ஆர்.பி. பட்நாயக்.

‘பம்பூ பங்கா’வைக் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் தமிழ் எதுவுமில்லை. தாழ்ந்த குரலில், ஏறக்குறையப் பேசுவதுபோல, அதிவேகமாகக் கார் ஓட்டுவதைப் பற்றிய வாசகம் ஒன்றை மாதங்கி திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது அமெரிக்கக் குழுவான மொடேர்ன் லவேர்ஸின் ‘ரோட்ரன்னர்’ பாட்டிலிருந்து எடுத்தது. மூலப் பாட்டில் கார் ஓட்டுகிறவர் அமெரிக்க நெடுஞ்சாலையில் றேடியோவைப் போட்டுக்கொண்டு சந்தோசமாகப் போகும் இளைஞர். இங்கே நிலைமை மாறுகிறது. பாடுகிறவர் காருக்குள் இல்லை. வெளியே நின்று பெரிய கார்களின் கதவைத் தட்டுகிற மூன்றாம் உலகத்துப் பெண்ணாக வருகிறார். அவருக்குப் பின்னால் ‘காட்டுக்குயிலு’வின் ஓசை கிளம்புகிறது. தனக்கென்று வீடில்லாத சூர்யா ஆடிய பாட்டின் துண்டு, நாடில்லாமல் திரிந்தவளின் பாட்டுக்கு முதுகெலும்பாக நிற்கிறது. தெரிந்துதான் அந்தத் துண்டைத் தேர்ந்தாரா, தாளம் பிடித்ததால் தேர்ந்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. ‘தளபதி’ பார்த்த தமிழ்க் காதுக்கு அது பொருந்துகிறது. ஸ்விட்ச் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து அவர் கட்டிய இந்தப் பாட்டின் உரிமைக் குறிப்பில் மூலப் பாட்டின் பெயரும் இளையராஜாவின் பெயரும் இருக்கின்றன. வெள்ளவத்தையில் நாங்கள் கையில் வாங்கிய எந்தக் கசற்றிலும் இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கவில்லை.

அந்தத் தொகுப்பு கடைகளுக்கு வந்த 2007, வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் மறக்க முடியாத வருடம். யூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களுக்குள் பொலிஸார் புகுந்து, அங்கே தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தக்க காரணமில்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். அவர்களில் பலர் வெளிநாட்டு விசாவுக்காகவும் மருந்துக்காகவும் வந்து காத்திருந்தவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. விசா கிடைக்காததால் ஊர் ஊராகப் போய்ச் செய்த தொகுப்பு ஒன்று இரண்டு மாதம் கழித்து லண்டனில் வெளியானபோது, இங்கே லொட்ஜ்களில் விசாவுக்காக இருந்தவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டோடு நடமாடினார்கள். ‘கலா’வில் திரும்பத் திரும்ப வரும் எல்லை, கடவுச்சீட்டு, கள்ள விசா ஆகிய பேச்செல்லாம் இந்த வீதிகளில் நாளாந்தப் பேச்சு.

அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுத்தான் பிறகு உலகத்தையே சுற்றியது. அதன் அடித்தளமும் ஒரு சாம்பிள்தான். 1982இல் த கிளாஷ் என்ற ஆங்கிலக் குழு, குடியேறிகளையும் வியட்னாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைவிட்ட பிள்ளைகளையும் பற்றிப் பாடிய பாட்டின் துண்டு அது. 2008இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்க வரிசையில் நாலாம் இடம்வரை போனது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் ஒலித்தது. சென்னையில் சேர்ந்து வேலை செய்ய முடியாமற்போன ரஹ்மானும் மாதங்கியும் அந்தப் படத்துக்கு ‘ஓ... சாயா’ செய்து ஒஸ்கார் பரிந்துரை பெற்றார்கள். இன்னொரு பக்கம் கான்யே வெஸ்ட் ‘பேப்பர் பிளேன்ஸ்’ஸில் மாதங்கியின் குரலைத் துண்டு போட்டெடுத்து, ஜே-சி, டி.ஐ., லில் வெய்ன் ஆகியோரோடு ‘ஸ்வாகா லைக் அஸ்’ செய்தார். 2009 பெப்ரவரியில் கிராமி மேடையில் அந்த நால்வருக்கும் நடுவில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று அவர் பாடினார். எடுத்தவரிடமிருந்தே எடுத்தார்கள். எடுபட்டவர் மேடைக்கு அழைக்கப்பட்டார்.

எல்லாருக்கும் அந்த அழைப்புக் கிடைப்பதில்லை. 1969இல் வின்ஸ்ரன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் தட்டொன்றின் பின்பக்கத்தில் ‘ஏமன், பிரதர்’ என்ற பாட்டு வந்தது. அதில் கிரெகரி கோல்மன் தனியாக டிரம் அடிக்கும் இடம் ஆறேழு வினாடி. அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடியது, லண்டனில் ஒரு முழு இசைவகையே அதில் எழுந்தது. கோல்மனுக்கு ஒரு சதமும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் ரசிகர்கள் இணையத்தில் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பரிசு, உரிமைப் பணமல்ல.

கோல்மனின் பெயராவது பிந்தித் தெரிய வந்தது. ‘காட்டுக்குயிலு’வுக்குத் தோல் கருவி வாசித்தவர்களின் பெயர் ஒரிஜினல் உறையில் இல்லை. உறையில் இல்லாதது எங்கள் கசற்றில் வர நியாயமில்லை. சாம்பிளுக்கு அனுமதி எழுதும்போதும் குறிப்பிடுவது பாட்டின் பெயர், இசையமைப்பாளர், பதிவின் சொந்தக்காரர், அவ்வளவுதான். ஆனால் டிஜேக்கள் தேடுவது பெரும்பாலும் மெட்டை அல்ல, அடித்த அடியை. விலைபோவது யாருடைய கை வேலையோ, அந்தக் கைக்குப் பெயர் கிடைப்பதில்லை. இந்தியாவில் திரைப்பாட்டின் முழு உரிமையும் தயாரிப்பாளரிடம் போய்ச் சேர்வதுதான் நீண்டகால வழக்கம். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ரோயல்டிப் பங்கு சட்டத்தில் வந்ததே 2012 திருத்தத்தோடுதான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவர் இறந்து எழுபது வருடம்வரை உரிமையைக் காக்கிறது. படைத்தவர் யார் என்று எழுதி வைக்காவிட்டால் எழுபது வருடத்தை எங்கிருந்து எண்ணுவது?

இன்று றெக்கோடிங் பார் இல்லை. அந்தக் கடைகளில் பல போன் கடையாகிவிட்டன. கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்குள் இருக்கும் பெடியனிடம் மடிக்கணினி இருக்கிறது. பத்து வினாடிப் பெட்டிக்குள் திண்டாடத் தேவையில்லை. ஒரு பழைய பாட்டைக் கொடுத்தால் குரலை ஒரு பக்கம், டிரம்மை ஒரு பக்கம், பேஸை ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் வந்துவிட்டது. வேகத்தை மாற்றினாலும் சுருதி அசையாமல் நிற்கும். டைனமோவோடு இருந்த கயிறு அறுந்துவிட்டது. அப்படிச் செய்கிற பிள்ளைகளை மிரட்டி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பாட்டுகள் பிழைத்ததே பிரதி எடுத்தவர்களால் என்ற பிறகு, பிரதி எடுப்பவனுக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதி எங்கள் தலைமுறைக்கு இல்லை.

ஆனால் ஒரு வேலையை அவர்களிடம் கேட்கலாம். துண்டு எடுக்கும் அன்றே அது எந்தப் பாட்டு, எந்த வருடம், இசை யார், வரி யார், பதிவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். வாசித்தவர் யாரென்று விசாரிக்க வேண்டும். இலங்கைப் பொப் பாட்டு என்றால் அந்தக் குழுக்களில் வாசித்தவர்கள் இன்னும் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள், ஒரு போன் எடுத்தால் போதும். பாட்டைக் காசுக்கு விற்கும் நாள் வந்தால் அனுமதி இரண்டையும் கேட்க வேண்டும். அந்த நாள் வராவிட்டாலும் எழுதிய தாள் வீண்போகாது. நாளைக்கு இன்னொருத்தி அந்தப் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டும்போது, பின்னோக்கிப் போக அவளுக்கு ஒரு வழி இருக்கும். டபுள் டெக்குக்கு முன்னால் லிஸ்ட் எழுதியவர்களிடம் கொப்பி இருந்தது, பேனையும் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் இன்னும் ஒரு வரி எழுத இடமும் இருந்தது.